மழையில் நிற்கும் செடி, மழைக்கு ஒதுங்கும் செடி: மலையகத்து வீட்டுக்கு எந்த மூலிகை?

இலங்கை மலையகத்தில் டிக்கோயாப் பக்கம் 7 பேர்ச் காணியில் கட்டின புதுவீட்டுக்குக் குடிவந்திருக்கிறீர்கள். முன்னால் கொஞ்சம் வெளி, பின்னால் வெட்டிவிட்ட மண் சுவர். மாமிக்கு ஆடாதோடையும் துளசியும் வேண்டுமாம், மகளுக்கு பீட்சாவில் போடுகிற பேசில், உங்களுக்கு ரோஸ்மேரி. ரோஸ்மேரியை இரண்டு தரம் வாங்கி வைத்து இரண்டும் கறுத்துச் செத்துப்போனது, கறிவேப்பிலை வைத்தது வைத்தபடி நிற்கிறது, புதினா மட்டும் பாத்தி முழுவதையும் பிடித்துக்கொண்டது, இதெல்லாம் குளிரால்தானா என்று கேட்டிருந்தீர்கள்.

கறிவேப்பிலைக்குக் குளிர்தான் காரணம். ரோஸ்மேரிக்கு இல்லை. பூச்சியத்துக்குக் கீழே சில பாகை போனாலும் ரோஸ்மேரி பிழைத்துக்கொள்ளும், அது மத்தியதரைக் கடலோரத்துச் செடி, கோடை முழுக்க மழையே காணாமல் காய்ந்து கிடக்கிற சுண்ணாம்புக்கல் சரிவில் வளர்ந்து பழகியது. அதைக் கொண்டுவந்து ஜூன் மாத டிக்கோயாவில் வெறும் தரையில் நட்டால் செத்துப்போவது குளிரால் அல்ல, வேரில் நிற்கிற தண்ணீரால். மலையகத்தில் மூலிகை வைக்கிறவர்கள் பெரும்பாலும் குளிரைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது மழையை, இரண்டாவது மண்ணின் புளிப்பை, குளிர் மூன்றாவதுதான்.

மலையகம் என்று ஒரே பெயரில் சொன்னாலும் நம்முடைய இடங்கள் ஒரே மாதிரி இல்லை. கண்டி ஏறக்குறைய 500 மீட்டர் உயரம், பதுளை 680, பண்டாரவளை 1,230, ஹட்டன் 1,270, நுவரெலியா 1,868. உயரத்தை விட எந்தப் பக்கத்துச் சரிவு என்பது முக்கியம். ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா எல்லாம் மேற்குச் சரிவு, மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று நேரே வந்து மோதுகிற இடம். கொஞ்சம் கீழே இறங்கினால் வட்டவளையில் ஆண்டு மழை 5,000 மில்லிமீட்டரையும் தாண்டும். அதே ஜூலையில் பண்டாரவளையிலும் வெலிமடையிலும் கச்சான் காற்று அடித்து மண் தூள் பறக்கும், அவர்களுக்கு மழை ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரைதான். ஆகவே பண்டாரவளையில் இருக்கிற உங்கள் தங்கச்சி ஓகஸ்டில் ரோஸ்மேரியை வெளியில் வைத்து ஆகா ஓகோ என்று வளர்க்கிறாள் என்றால் அவள் கைராசி ஒன்றும் பெரிதில்லை, அவள் மலையின் அந்தப் பக்கம் இருக்கிறாள், அவ்வளவுதான்.

அதனால் செடிகளை சமையல், மருந்து, வாசனை என்று பிரிக்காதீர்கள். மழையில் நிற்கிறவை, மழைக்கு ஒதுங்குகிறவை என்று இரண்டாகப் பிரியுங்கள். வல்லாரை, பொன்னாங்காணி, புதினா, ஆடாதோடை, எலுமிச்சைப்புல், வெட்டிவேர், ரம்பை இவையெல்லாம் மழையில் நிற்பவை. ரோஸ்மேரி, தைம், ஓரிகனோ, சேஜ், பேசில், துளசி, கற்பூரவள்ளி எல்லாம் ஒதுங்க இடம் கேட்பவை. கொத்தமல்லியும் பார்ஸ்லியும் நடுவில், காலம் பார்த்துப் போட்டால் வெளியிலேயே வரும்.

ஒதுங்க இடம் என்றால் பெரிய பொலித்தீன் கூடாரம் எதுவும் தேவையில்லை. வீட்டுத் தாவாரம் போதும். ஆனால் தாவாரத்தின் எந்த இடம் என்பதைக் கவனியுங்கள். தகரக் கூரையிலிருந்து தண்ணீர் ஒழுகி விழுகிற கோடு ஒன்று நிலத்தில் தெரியும், சின்னக் கற்கள் மட்டும் மிஞ்சி, மண் அரித்து, பள்ளம் விழுந்திருக்கும். அந்தக் கோட்டின் மேல் சாடியை வைப்பதை விட வெட்டவெளியில் வைப்பது மேல், ஏனென்றால் அங்கே பெய்வது ஒரு பங்கு மழை என்றால் இங்கே கூரையின் மொத்தத் தண்ணீரும் வந்து விழும். கோட்டுக்கு உள்ளே, சுவரோடு ஒட்டி, ஒரு முழம் அகலத்தில் காய்ந்த மண் இருக்கிறதே, அதுதான் ஒதுங்குகிறவைகளின் இடம். கிழக்குப் பக்கத்துச் சுவர் என்றால் நல்லது, மழைக்காலத்தில் கூட நம் பக்கம் காலையில்தான் கொஞ்சம் வெயில் எட்டிப்பார்க்கும், பின்னேரமானால் மூடிக்கொள்ளும்.

அடுத்து மண். புதுவீட்டுக் காணி என்று சொன்னதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். சரிவை வெட்டி மட்டம் செய்த நிலத்தில், வீட்டுக்குப் பின்னால் இருப்பது வெட்டின பக்கம், முன்னால் இருப்பது நிரப்பின பக்கம். பின்னால் மேல்மண் முழுக்கப் போய், மஞ்சளும் சிவப்புமாகக் களி அடிமண்தான் மிஞ்சியிருக்கும், அதில் நட்டது நட்டபடியே நிற்கும். உங்கள் கறிவேப்பிலை அங்கே இருக்கிறது என்றால் குளிரோடு இதுவும் சேர்ந்து ஆளை அமுக்குகிறது. முன்னால் நிரப்பின மண்ணில் மேல்மண், அடிமண், செங்கல் துண்டு, சீமெந்துக் கட்டி எல்லாம் கலந்து கிடக்கும். மண்வெட்டியால் ஒரு சாண் ஆழம் வெட்டிப் பாருங்கள், சாம்பல் நிறக் கட்டிகள் வந்தால் அது பழைய சாந்து, அதில் சுண்ணாம்பு இருக்கிறது. வல்லாரைக்கு அந்த இடம் வேண்டாம். ரோஸ்மேரிக்கும் தைமுக்கும் அது பிடித்த இடம், பொறுக்கி எறியாமல் சாடியின் அடியில் ஒரு பிடி போடுங்கள்.

மலையகத்து மண் இயல்பிலேயே புளிப்பு. புளிப்பை அளக்கிற எண் பீ.எச்., எண் குறையக் குறையப் புளிப்பு கூட. பீ.எச். 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருக்கிற மண்தான் தேயிலைக்கு ஏற்றது, நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்தது அந்த மண்ணில்தான். கொத்தமல்லி, பார்ஸ்லி, பேசிலுக்கு 6க்கு மேல் வேண்டும், ரோஸ்மேரிக்கு 7 இருந்தாலும் சந்தோஷம். புளிப்பைக் குறைக்க, தோட்டத்தில் தேயிலைக்குப் போடுகிற அதே டொலமைட் சுண்ணாம்புத் தூளைப் பாத்திக்கு ஒரு சதுர மீட்டருக்கு 100 முதல் 200 கிராம் வரை தூவிக் கொத்திவிடுங்கள், நடுவதற்கு மூன்று நான்கு கிழமைக்கு முன்னால். விறகடுப்பு எரிக்கிற வீடென்றால் சாம்பலும் அதே வேலையைச் செய்யும், ஆனால் சாம்பலையும் பச்சைச் சாணியையும் ஒரே நாளில் சேர்த்துப் போடாதீர்கள், சாணியில் இருக்கிற தழைச்சத்து அமோனியாவாகப் பறந்துவிடும். முட்டைக்கோதும் நல்லதுதான், மிக மெதுவாகத்தான் கரையும், அதை மட்டும் நம்பியிருந்தால் மகள் பீட்சா சாப்பிடுகிற வயதைத் தாண்டிவிடுவாள்.

சாடிக்கு மண் கலக்கும்போது இரண்டு கலவை வையுங்கள். மழையில் நிற்கிறவைகளுக்கு மேல்மண் இரண்டு பங்கு, மக்கின கூட்டுரம் ஒரு பங்கு, ஆற்றுமணல் அரைப்பங்கு. ஒதுங்குகிறவைகளுக்கு மணல் ஒரு பங்குக்கும் கூடவே வேண்டும், கூட்டுரம் அரைப்பங்கு போதும். ரோஸ்மேரிக்குக் கொழுத்த மண் ஆகாது, உரம் கூடினால் தளதளவென்று வளரும், வாசனை குறையும், முதல் மழைக்கே சரிந்துவிடும். சாடி என்று காசு கொடுத்து வாங்கவும் வேண்டாம். உரப்பை, உடைந்த வாளி, பெயின்ட் வாளி எல்லாம் ஆகும், அடியில் ஓட்டை நிறைய இருக்கவேண்டும், நிலத்தில் நேரே வைக்காமல் இரண்டு செங்கலின் மேல் ஏற்றி வைக்கவேண்டும். இந்த இரண்டு செங்கல்தான் மழைக்காலத்தில் பாதிச் செடியைக் காப்பாற்றுவது.

சரி, ரோஸ்மேரிக்கு வருவோம். மூன்றாவது தரம் செடி வாங்காதீர்கள். நர்சரியில் பொலித்தீன் நிழலில், வெறும் தும்புத்தூளில் வளர்ந்த செடி பார்க்க அழகாக இருக்கும், தும்புத்தூள் கடற்பஞ்சு மாதிரி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு நம் மழைக்கு வேரை அழுக வைக்கும். உங்கள் இரண்டு செடியும் அடியிலிருந்து கறுத்து வந்ததென்றால் அது வேரழுகல், சந்தேகமில்லை. தெரிந்தவர்கள் வீட்டில் வளர்ந்து நிற்கிற செடியில் ஒரு கிளை கேளுங்கள். முற்றின தண்டும் வேண்டாம், பச்சைத் தளிரும் வேண்டாம், கீழே இலேசாகப் பழுப்பேறத் தொடங்கின ஒரு விரல் நீளத் துண்டுகள் வேண்டும். கீழ்ப்பாதி இலையை உருவிவிட்டு மணல் கூடின கலவையில் குத்தி, மேலே வெட்டின தண்ணீர்ப் போத்தலைக் கவிழ்த்து, மூடியைத் திறந்து வைத்து, நிழலில் விடுங்கள். நான்கிலிருந்து ஆறு கிழமையில் வேர் விடும், இலேசாக இழுத்துப் பார்த்தால் பிடித்து இழுக்கும். விதையில்லாமல் தண்டுத் துண்டிலிருந்து வளர்க்கிற வீ.பி. தேயிலைக்கு ஒற்றை இலைத் துண்டு வைத்துக் கன்று ஆக்குவதைப் பார்த்திருப்பீர்கள், அந்தப் பக்குவம்தான், தண்ணீர் மட்டும் அதில் பாதி. நட்ட பிறகு, மேல்மண்ணில் விரலைக் குத்தி இரண்டு கணு ஆழம் காய்ந்திருந்தால்தான் ஊற்றவேண்டும், தாவாரத்துக்கு உள்ளே இருந்தாலும் மழைக்காலத்தில் அது கிழமைக்கு ஒரு தரம் கூட வராது.

இன்னொரு விஷயம், இது தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கென்றே சொல்வது. செடி சடைத்துப்போனால் நம் கைக்குத் தானாகக் கவ்வாத்துக் கத்திதான் ஞாபகம் வரும். தேயிலையை இலையே இல்லாமல் வெறும் கட்டையாக வெட்டிவிட்டாலும் துளிர்த்து வந்துவிடும். ரோஸ்மேரி வராது, லவெண்டரும் வராது, தைமும் அப்படித்தான். இலை இல்லாத பழைய மரத்தண்டு வரைக்கும் இறக்கி வெட்டினால் அந்தக் கிளை அதோடு முடிந்தது. பச்சை இருக்கிற பகுதிக்குள்ளேயே, நுனியில் மூன்றில் ஒரு பங்கு மட்டும், அடிக்கடி கிள்ளிக்கொண்டிருங்கள்.

தைமும் ஓரிகனோவும் இதே வழிதான், ரோஸ்மேரி பிழைக்கிற இடத்தில் இரண்டும் பிழைக்கும். சேஜ் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை, நம் சமையலில் அதற்கு வேலையும் இல்லை. லவெண்டர் மேற்குச் சரிவில் வேண்டாம், பண்டாரவளை ஆட்கள் வைத்துக்கொள்ளட்டும்.

பேசில் வேறு கதை. அதற்கு உண்மையிலேயே குளிர் ஆகாது, இரவில் 10 பாகைக்குக் கிட்ட இறங்கினால் இலையில் கறுப்புத் திட்டு விழும். டிக்கோயாவில் பெப்ரவரி கடைசியிலிருந்து மே வரை நன்றாக வரும், பிறகு பருவமழை வந்தால் இலையின் மேல்பக்கம் மஞ்சளாகி, திருப்பிப் பார்த்தால் அடியில் சாம்பலும் ஊதாவுமாகப் பூசணம் பிடித்திருக்கும். அதற்கு மருந்து தேடி அலையாமல் பிடுங்கி எறிந்துவிட்டு அடுத்த விதையைப் போடுங்கள், பேசிலை ஆண்டுக்கு இரண்டு தரம் போடுகிற பயிராக நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் மகளிடம். பூ வர விடாமல் நுனியைக் கிள்ளவேண்டும், இரண்டு இலைக் கணுவுக்கு மேலே கிள்ளினால் அந்தக் கணுவிலிருந்து இரண்டு கிளை வரும். துளசியும் இதன் சொந்தம்தான், கொஞ்சம் கூடத் தாங்கும், ஜூலை ஓகஸ்டில் இலை சிறுத்து ஏங்கிப்போய் நிற்கும், பயப்படவேண்டாம். மாடத்தில் வெட்டவெளியில்தான் வைக்கவேண்டும் என்று மாமி சொன்னால் அங்கேயே வைத்துவிட்டு, விதையில் முளைத்த ஒரு குட்டிச் செடியைத் தாவாரத்தில் தனியாக வளர்த்து வையுங்கள், ஒன்று போனாலும் ஒன்று இருக்கும்.

கொத்தமல்லிக்கு நம் குளிர் வரப்பிரசாதம். கீழே வெக்கையில் இரண்டு இலை விட்டதும் பூத்துவிடுகிற செடி இங்கே நிதானமாக இலை விடும். கடையில் வாங்குகிற மல்லியே போதும், புதிதாக இருந்தால். ஒவ்வொரு கொட்டையும் இரண்டு பாதி சேர்ந்தது, போத்தலை உருட்டி இலேசாக அழுத்தினால் பிளந்துவிடும், தூளாக்கிவிடாதீர்கள். ஒரு இரவு ஊறவைத்து, இருக்கப்போகிற இடத்திலேயே நேரடியாகப் போடுங்கள், ஆணிவேர் என்பதால் நாற்றுப் பிடுங்கி நட்டால் கோபித்துக்கொண்டு பூத்துவிடும். குளிரில் முளைக்க இரண்டு கிழமை கூட எடுக்கும், அதன் பிறகு ஆறேழு கிழமையில் வெட்டலாம். மேற்குச் சரிவில் டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை, மூன்று கிழமைக்கு ஒரு தரம் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டே வந்தால் இடைவெளி இல்லாமல் கிடைக்கும். மழைக்காலத்தில் வெளியில் போட்டால் விதையும் போய் ஆசையும் போகும். ஓரத்தில் ரம்பப் பல் போல் முள் இருக்கிற நீள இலை மல்லி ஒன்று உண்டு, கொத்தமல்லியின் வாசனைதான், கொஞ்சம் தூக்கலாக இருக்கும், நிழலும் ஈரமும் அதற்கு விருப்பம். எங்காவது கண்ணில் பட்டால் விடாதீர்கள், ஜூலை மாதத்துக்கு அதுதான் கைகொடுக்கும்.

பார்ஸ்லியை யாரும் கேட்பதில்லை, எனக்கு அதில் வருத்தம். டிக்கோயா, தலவாக்கலை, நுவரெலியா குளிருக்கு அதைப் போல் ஒத்துப்போகிற செடி வேறு இல்லை. முளைக்க மூன்று நான்கு கிழமை எடுக்கும், அதனால்தான் ஆட்கள் விதை செத்துவிட்டது என்று மண்ணைக் கொட்டிவிடுகிறார்கள். யோகட் கோப்பையில் போடுங்கள், அடியில் சூடான ஆணியால் மூன்று ஓட்டை, நாலைந்து விதை, மேலே மெல்லிய மண், அதற்கு மேல் ஈரக் கடதாசி, முளை எட்டிப்பார்க்கிற அன்று கடதாசியை எடுத்துவிடவேண்டும். ஒரு தரம் பிடித்தால் ஓராண்டுக்கு மேல் வெளி இலையாக ஒடித்துக்கொண்டே இருக்கலாம், உள்குருத்தைத் தொடக்கூடாது. செலரியும் இதே மாதிரி, இலைக்காக மட்டும் வளர்த்தால் கஷ்டமே இல்லை, ஃபிரைட் ரைஸுக்கும் சூப்புக்கும் இரண்டு செடி தாராளம்.

புதினாவைப் பாத்தியிலிருந்து எடுத்துவிடுங்கள், இன்றைக்கே. அது நிலத்துக்குக் கீழே ஓடுகிற தண்டால் பரவுகிற செடி, ஒரு துண்டு மிஞ்சினாலும் வரும். அகலமான பேசின் ஒன்றில் ஓட்டை போட்டு, அதில் தனியாக விடுங்கள். இலையடியில் செம்மஞ்சள் புள்ளி கண்டால் அது துரு நோய், எல்லாத் தண்டையும் நிலமட்டத்துக்கு வெட்டி எடுத்து எரித்துவிடலாம், இதற்குக் கவ்வாத்துத் தாராளமாகச் செய்யலாம், திரும்ப வரும்.

கறிவேப்பிலை விஷயத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், டிக்கோயாவில் கண்டியைப் போல் மரமாக நிற்காது. ஆனால் பெரிய வாளியில், வெயில் படுகிற சுவரோடு வைத்தால் குழம்புக்குக் கிள்ளுகிற அளவுக்கு வரும். குளிர் மாதத்தில் தண்ணீரையும் உரத்தையும் குறையுங்கள், அது தூங்குகிறது, எழுப்பாதீர்கள். மார்ச்சில் புதுத் துளிர் விடும்போது கூட்டுரம் வையுங்கள், புளித்த மோர் ஊற்றுகிற வழக்கத்தையும் விடவேண்டாம். இலையின் மேல் பறவை எச்சம் மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் தொட்டுப் பாருங்கள், அது வண்ணத்துப்பூச்சியின் புழு, பிறகு பச்சையாக மாறி இரண்டே நாளில் சின்னச் செடியை மொட்டையடித்துவிடும். கையால் எடுத்துப் போடுவதே போதும். விதையில் வளர்க்க நினைத்தால் கறுத்துப் பழுத்த பழத்தைப் பிதுக்கி அந்தக் கிழமையே போடுங்கள், காய்ந்த விதை முளைக்காது.

இனி மழையில் நிற்கிறவை. இதில் ராஜா வல்லாரைதான். நிரப்பின மண்ணை விட்டு, பீலித் தண்ணீரோ குழாயடித் தண்ணீரோ வழிந்து ஈரம் காயாத, அரை நிழல் விழுகிற இடம் பாருங்கள், சவர்க்காரத் தண்ணீர் வருகிற இடமாக மட்டும் இருக்கக்கூடாது. சந்தையில் கட்டாக வருகிற, காம்பு நீண்டு நிமிர்ந்த பெரிய இலை வகை ஒன்று, கான் ஓரத்தில் தரையோடு படர்கிற சின்ன இலை வகை ஒன்று. சம்பலுக்கும் இலைக்கஞ்சிக்கும் பெரியது வசதி, எனக்குப் பிடித்தது சின்னது, கசப்பு கொஞ்சம் கூட, வாசனையும் கூட. கணுவில் வேர் விட்ட ஓடுதண்டை ஒரு சாண் இடைவெளியில் பதித்துவிட்டால் இரண்டு மாதத்தில் பாத்தி மூடிவிடும், வெட்டின பிறகு தண்ணீரில் கரைத்த சாணி கொஞ்சம் ஊற்றினால் திரும்பக் கிளம்பும். ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள்: காம்பு இலையின் நடுவில் வந்து குடை மாதிரிச் சேர்ந்தால் அது வல்லாரை அல்ல, வல்லாரையின் காம்பு இலை ஓரத்து வெட்டில்தான் சேரும்.

இதற்கெல்லாம் வீட்டில் ஏன் பாத்தி, தேயிலை மலையில்தான் கான் ஓரம் முழுக்க இருக்கிறதே என்று மாமி கேட்கக்கூடும். முன்பு சரி. இப்போது கான் ஓரத்தில்தான் களைநாசினி அதிகம் விழுகிறது. 2015இல் கிளைபொசேட்டைத் தடை செய்தார்கள், 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திரும்ப அனுமதித்தார்கள், அது இல்லாத காலத்திலும் வேறு மருந்துகள் அடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அடித்து இரண்டு மூன்று நாள் வரைக்கும் செடி பச்சையாகவே நிற்கும், பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பச்சையாகச் சம்பல் போடுகிற இலையை அங்கிருந்து பறிக்கவேண்டாம். சொந்தப் பாத்தி இலையையும் இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள், தரையோடு வளர்வது, மண்ணும் அட்டையும் கூடவே வரும்.

பொன்னாங்காணிக்கு எதுவும் சொல்லத் தேவையில்லை. சந்தைக் கட்டில் சமைத்தது போக மிச்சத் தண்டைக் குத்திவிடுங்கள், வந்துவிடும்.

ஆடாதோடையை வேலியாக வையுங்கள். பென்சில் தடிப்பில், ஒரு சாண் நீளத் துண்டை மழை தொடங்கும்போது குத்தினால் போதும், ஆடு தொடாது, மாடு தொடாது, கவ்வாத்துப் பண்ணலாம். மாமியின் இருமல் கஷாயத்துக்கு ஒரு புதர் தாராளம். ஆனால் வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் அந்தக் கஷாயத்தைக் கொடுக்கவே கூடாது, கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கிற குணம் அதற்கு உண்டு. தடிமனுக்கு மல்லியும் இஞ்சியும் அவித்த தண்ணீர் இருக்கிறது, அதைக் கொடுங்கள். பிரஷருக்கோ சீனிக்கோ மாத்திரை எடுக்கிறவர்களும் எந்தக் கஷாயத்தையும் நாள் கணக்கில் தொடர்ந்து குடிப்பதாக இருந்தால் டொக்டரிடம் சொல்லிவிட்டுக் குடிப்பது நல்லது. அப்புறம் நம் பக்கம் வேலியோரங்களில் வெள்ளையாக, எக்காளம் மாதிரிப் பூ தலைகீழாகத் தொங்குகிற செடி இருக்கிறது, ஊமத்தையின் உறவு, முழுச் செடியும் நஞ்சு. பூ அழகு என்று மூலிகைப் பாத்திப் பக்கம் கொண்டுவராதீர்கள், சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு.

கற்பூரவள்ளி ஒடித்துக் குத்தினால் வரும், ஆனால் சதைப்பிடிப்பான இலை என்பதால் மழையில் அழுகும், சமையலறை ஜன்னலுக்குக் கீழே வையுங்கள், பிள்ளைக்குச் சளி என்றால் கைநீட்டிப் பறிக்கலாம். ரம்பை டிக்கோயாவில் மெதுவாக வரும், நிழலும் ஈரமும் கொடுத்துப் பொறுமையாக இருங்கள், பக்கக் கன்றைப் பிரித்து நடலாம். இஞ்சியை உரப்பையில் மார்ச் கடைசியில் வைக்கலாம், தரையில் வைத்தால் காட்டுப்பன்றிக்கும் முள்ளம்பன்றிக்கும் விருந்து. மஞ்சளும் அதே மாதிரி, 2020இல் இறக்குமதியை நிறுத்தி விலை எங்கேயோ ஏறினபோதுதான் பலபேர் சாக்கில் மஞ்சள் வைக்கப் பழகினார்கள்.

எலுமிச்சைப்புல்லைச் சிங்களத்தில் ‘சேர’ என்பார்கள், கடையில் அப்படிக் கேட்டால் கொடுப்பார்கள், அடிக்கிழங்கோடு இருக்கிற தண்டை ஒரு கோப்பைத் தண்ணீரில் வைத்தால் வேர் விடும். மானாப்புல் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், கசக்கி மணந்தால் எலுமிச்சை வாசனைக்குப் பதில் சித்திரநெல்லா எண்ணெய் நெடி அடிக்கும், அதைத் தேநீரில் போடாதீர்கள். எலுமிச்சைப்புல்லை காணியின் முன் ஓரத்தில், நிரப்பின மண் சரிகிற விளிம்பில் வரிசையாக நடுங்கள், மண்ணையும் பிடிக்கும். இன்னும் ஆழமாகப் பிடிக்கவேண்டும் என்றால் வெட்டிவேர்தான், வேர் மீட்டர் கணக்கில் கீழே இறங்கும். பின்னால் இருக்கிற மண் சுவரின் அடியில் பாத்திக்கு இடம் காணாது என்று இன்னும் கொஞ்சம் வெட்டுகிற யோசனை இருந்தால் அதை விட்டுவிடுங்கள். சரிவின் காலை வெட்டுவதும் அங்கே தண்ணீர் தேங்கவிடுவதும் மழைக்காலத்தில் வீட்டுக்கே ஆபத்து. மண் சுவருக்கும் வீட்டுக்கும் நடுவில் கான் சுத்தமாக ஓடவேண்டும், அங்கே செடியே வேண்டாம்.

மழைக்காலத்தின் பெரிய எதிரி நத்தைதான், ஓடுள்ளதும் ஓடில்லாததும். சாம்பல் வளையம் போடுகிறோம், முதல் மழையில் அது கரைந்துவிடும், ஆகவே தாவாரத்துச் சாடிகளுக்கு மட்டும்தான் அது பிரயோசனம். வெளிப்பாத்திக்கு, இரவு எட்டு மணிக்கு டோர்ச் அடித்துப் பொறுக்குவது ஒன்றுதான் வழி, மகளை விடுங்கள், பேசில் அவளுக்குத்தானே.

நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் இருக்கிற யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை: உங்களுக்கு ஜனவரி, பெப்ரவரியில் வானம் வெளுத்த இரவுகளில் தரைப்பனி உறையும். பேசில், துளசி, கற்பூரவள்ளி, எலுமிச்சைப்புல் நான்கையும் அன்றிரவு சாக்கால் மூடுங்கள், விடிந்து வெயில் ஏறினபின் எடுங்கள். கறிவேப்பிலைக்கு மெனக்கெட வேண்டாம், டவுனுக்கு வருகிற கட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, காயவைப்பது. ரோஸ்மேரி, தைம், ஓரிகனோ மூன்றும் காய்ந்தாலும் வாசனை போகாது, சின்னக் கட்டாகக் கட்டி அடுப்படியில், புகை நேரே படாத உயரத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டால் மழைக்காலத்திலும் இரண்டு கிழமையில் மொறமொறப்பாகிவிடும், போத்தலில் போடும்முன் ஒரு குச்சியை ஒடித்துப் பாருங்கள், சட்டென்று ஒடியாமல் வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, பூசணம் பிடிக்கும். கொத்தமல்லி, பேசில், பார்ஸ்லியைக் காயவைத்தால் வைக்கோல்தான் மிஞ்சும், அவற்றை நறுக்கி, ஐஸ் தட்டில் கொஞ்சம் எண்ணெயோ தண்ணீரோ விட்டு உறையவைத்துக்கொள்ளுங்கள். இப்போது மழை தொடங்க இன்னும் நாள் இருக்கிறது என்றால் முதலில் டொலமைட், பிறகு வல்லாரை, ரோஸ்மேரித் துண்டு இந்த ஒழுங்கில் போங்கள், பேசில் விதையை யோகட் கோப்பையில் இன்றைக்கே போடலாம்.